இரண்டு மணி நேரச் சட்டமும் இருபது வயதுப் பையனும்

தீபாவளி முடிந்து நான்காம் நாள் நம் பகுதியைச் சேர்ந்த ஒரு தாய் நான்காக மடித்த ஒரு காகிதத்தோடு நம்மைத் தேடி வந்தார். மகனுக்கு வயது 20. கல்லூரியில் மூன்றாம் ஆண்டு. விடியற்காலையில் ஏரிக்கரையில் ஓடி, இரவில் பொது அறிவுப் புத்தகம் படித்து, இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிற பையன். சனி, ஞாயிறு, திங்கள் என்று மூன்று நாள் விடுமுறை சேர்ந்து வந்ததால் சென்னையில் இருக்கும் சித்தி வீட்டுக்குப் போயிருக்கிறான். சித்தி இருப்பது கூவம் கரையிலிருந்து பெயர்த்தெடுத்துக் கொண்டுபோய்க் குடியமர்த்திய அடுக்குமாடி வீடு ஒன்றில். திங்கட்கிழமை இரவு ஒன்பது மணிக்குச் சித்தி பிள்ளைகளோடு தெருவில் இறங்கி ஒரு பாக்கெட் லட்சுமி வெடி வெடித்திருக்கிறான். ரோந்து வண்டி வந்தது. அந்தத் தெருவிலேயே வளர்ந்த பிள்ளைகள் படிக்கட்டு இடுக்குகளில் புகுந்து மறைந்துவிட்டார்கள். ஊரிலிருந்து போனவனுக்கு இடுக்கும் தெரியாது, ஓடவும் தோன்றவில்லை. நின்றான்.

"போலீஸ் வேலைக்குப் போகப்போறவன் போலீஸைப் பாத்து ஏன் ஓடணும்னு நின்னானாம் அண்ணா" என்றார் அந்தத் தாய். சொல்லும்போது அவர் அழவில்லை. சிரிப்பது போலத்தான் இருந்தது.

காகிதத்தைப் பிரித்தோம். முதல் தகவல் அறிக்கையின் நகல். அரசு அதிகாரியின் உத்தரவை மீறியது, வெடிபொருளைக் கவனக்குறைவாகக் கையாண்டது என்று பாரதிய நியாய சன்ஹிதாவின் இரண்டு பிரிவுகள். முகவரிக் கட்டத்தில் ஊர்ப் பெயருக்கு முன்னால் 'காலனி'. அந்தச் சொல்லை அரசு ஆவணங்களிலிருந்தும் பொதுப் புழக்கத்திலிருந்தும் நீக்குவதாக 2025 ஏப்ரலில் சட்டமன்றத்தில் முதலமைச்சர் அறிவித்தார். காவல் நிலையத்துக் கணினிக்கு அது இன்னும் போய்ச் சேரவில்லை போலும்.

நாம் பட்டாசுத் தடைக்கு எதிரானவர்கள் அல்லர். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். ஏனென்றால் இந்தத் தலைப்பில் யார் பேசினாலும் "பண்டிகைக்கு எதிரானவனா, சட்டத்துக்கு எதிரானவனா" என்று கேட்டு ஒரு பக்கத்தில் தள்ளிவிடுகிறார்கள். புகை யார் நெஞ்சில் முதலில் இறங்குகிறது என்பது நமக்குத் தெரியும். சன்னலைச் சாத்திக் குளிர்சாதனத்தைப் போட்டுக்கொள்ள முடியாத வீட்டில் இருப்பவர்கள் நம் மக்கள். ராக்கெட் வந்து விழுந்தால் பற்றிக்கொள்ளும் கூரை நம் கூரை. மறுநாள் அந்தக் காகிதக் குப்பையை அள்ளுகிற கையும் நம் கைதான். தடை வேண்டும். அது எங்கே, யார்மேல், எப்படி நடைமுறைக்கு வருகிறது என்பதே நம் கேள்வி.

இந்த இரண்டு மணி நேரக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று மாணவர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். 2015இல் டெல்லியைச் சேர்ந்த மூன்று கைக்குழந்தைகளின் பெயரில் அவர்களுடைய தந்தையர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார்கள். தலைநகரின் காற்று எங்கள் நுரையீரலைக் கெடுக்கிறது, பட்டாசைத் தடுக்க வேண்டும் என்பது மனு. அர்ஜுன் கோபால் வழக்கு என்று அது பெயர் பெற்றது. 2018 அக்டோபர் 23 அன்று வந்த தீர்ப்பு, நாடு முழுவதற்கும் தீபாவளிக்கு இரவு 8 முதல் 10 வரை மட்டும் என்று நேரம் குறித்தது. சரவெடிக்குத் தடை, பேரியம் உப்புக்குத் தடை, இணையவழி விற்பனைக்குத் தடை, புகை குறைந்த பசுமைப் பட்டாசுக்கு மட்டும் அனுமதி. நம் ஊரில் தீபாவளி என்றால் விடிவதற்கு முன் எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டு வெடிப்பதுதானே? தமிழ்நாடு அரசு அதைச் சொல்லி மறுபடி நீதிமன்றம் போனது. இரண்டு மணி நேரத்துக்கு மிகாமல் நேரத்தை நீங்களே மாற்றிக்கொள்ளலாம் என்று நீதிமன்றம் சொன்ன பிறகு, காலை 6 முதல் 7, மாலை 7 முதல் 8 என்று ஆனது. இன்றுவரை அதுதான் நடக்கிறது.

அதே தீர்ப்பில் இன்னும் இரண்டு செய்திகள் உண்டு. தடை மீறப்பட்டால் அந்தந்தக் காவல் நிலையப் பொறுப்பு அதிகாரியே தனிப்பட்ட முறையில் பொறுப்பு என்பது ஒன்று. மக்கள் கூடி வெடிப்பதற்குப் பொது இடங்களை முன்கூட்டியே ஒதுக்கி அறிவிக்கப் பாருங்கள் என்பது இன்னொன்று. முதலாவது காவல் நிலையங்களுக்கு நன்றாகவே கேட்டது. தன்மேல் பழி வராமல் இருக்க அதிகாரிக்கு ஒரு கணக்கு வேண்டும். இத்தனை வழக்கு போட்டோம் என்று மேலே அனுப்ப ஓர் எண் வேண்டும். 2018 தீபாவளிக்கு மட்டும் தமிழ்நாட்டில் இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோர் மீது வழக்குகள் பதிவாயின. அதன் பிறகு ஒவ்வோர் ஆண்டும் பண்டிகைக்கு மறுநாள் பத்திரிகையில் அந்த எண்ணிக்கை வருகிறது, மழையளவு வருவது போல. இரண்டாவது சொன்னதை, அதாவது இடம் ஒதுக்கச் சொன்னதை, நினைவில் வைத்திருப்பவர்கள் குறைவு.

பெருநகரத்தில் ஒரு காவலர் கண்ணுக்கு எது தெரியும்? தெரு தெரியும். சுற்றுச்சுவருக்கும் காவலாளிக்கும் உள்ளே இருக்கும் நானூறு வீட்டு அடுக்ககம் தெரியாது. அங்கே நடுவில் புல்வெளி இருக்கிறது. குடியிருப்போர் சங்கம் மொத்தமாகப் பெட்டி பெட்டியாக வாங்கி வைத்துக்கொண்டு பத்து மணிவரை வாணவேடிக்கை நடத்துகிறது. வெளியே நின்று பார்த்தால் வானத்தில் பச்சையும் சிவப்புமாய்ப் பூப்பது ஊருக்கே தெரியும். ஆனால் ரோந்து வண்டி அந்தக் கதவுக்கு முன் நின்று ஒலிப்பானை அடிப்பதை நாம் பார்த்ததில்லை. மறுகுடியமர்த்தப்பட்ட வீடுகளுக்கோ சுவர் இல்லை, முற்றம் இல்லை. இரண்டு கட்டடங்களுக்கு இடையில் இருப்பது தெரு. பிள்ளை வெடித்தாலும் தெரு, பெண்கள் தண்ணீர் பிடித்தாலும் தெரு, கிழவர் உட்கார்ந்தாலும் தெரு. ஆகவே அங்கே வாழ்வதே சட்டத்தின் கண்முன்னால் வாழ்வதுதான். ஒரே இரவில் ஒரே விதியை இரண்டு பேரும் மீறுகிறார்கள். ஒருவர் மீறியது வாணவேடிக்கை, இன்னொருவர் மீறியது குற்ற எண்.

மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஆண்டுதோறும் தருகிற அறிவுரையிலும் ஒரு வரி உண்டு: குடிசைப் பகுதிகளிலும் எளிதில் தீப்பிடிக்கும் இடங்களிலும் வெடிக்க வேண்டாம். நியாயமான வரி. ஆனால் குடிசையில் பிறந்த பிள்ளை எங்கே போய் வெடிப்பது என்று அடுத்த வரி இல்லை.

இது நகரத்துக் கதை மட்டும் என்று யாரும் நினைக்க வேண்டாம். எழுதாத பட்டாசுத் தடை நம் கிராமங்களில் உச்ச நீதிமன்றத்துக்கு வெகு காலம் முன்பே இருந்தது. சாவு ஊர்வலம் ஊர்த்தெருவைக் கடக்கும்போது வேட்டுப் போடக்கூடாது, பறை நிற்க வேண்டும். நம் பையன் கல்யாணத்தில் மாப்பிள்ளை ஊர்வலம் கோயில் முனையில் திரும்பும்போது சரம் கொளுத்தினால் "யார் தெருவுல வந்து யாருடா வெடிக்கிறது" என்று குரல் வரும். நாற்பது வயதைத் தாண்டிய நம்மில் எவருக்கு இந்தக் குரலைக் கேட்ட நினைவு இல்லை? அன்றைக்கு அப்படிச் சொன்னவர்களிடம் கைத்தடிதான் இருந்தது. இப்போது கையில் பேசி இருக்கிறது, பேசியில் காவல் நிலைய எண் இருக்கிறது, பேசுவதற்குச் சட்டமும் இருக்கிறது. இரவு எட்டு மணி ஐந்து நிமிடத்துக்கு நம் தெருவில் வெடித்தால் புகார் போகிறது. பத்து மணிக்குத் தேர்த்திருவிழாவில் அதிர்வேட்டுப் போட்டால் யாரும் பேசியை எடுப்பதில்லை. சாதி தனக்கு வேண்டிய சட்டத்தைத் தேடிப் பிடித்துக்கொள்ளும், வேண்டாததை மறந்துவிடும்.

டெல்லிக்கு வருவோம். கடுமையான தடை அங்கேதான். சில ஆண்டுகள் பசுமைப் பட்டாசும் கூடாது என்று முழுத்தடை. 2024 தீபாவளிக்கும் அப்படித்தான். வெடித்தார்கள். அந்த நவம்பரில் உச்ச நீதிமன்றம் டெல்லி காவல் துறையைக் கூப்பிட்டு, மூலப்பொருளைப் பறிமுதல் செய்ததெல்லாம் வெறும் கண்துடைப்பு என்ற பொருளில் கண்டித்தது. அந்த ஆண்டு டிசம்பரில் ஆண்டு முழுவதற்கும் தடை. 2025 அக்டோபர் 15 அன்று அதே நீதிமன்றம் இறங்கி வந்து, பண்டிகைக்கு முதல் நாளும் பண்டிகை அன்றும் காலை 6 முதல் 7, இரவு 8 முதல் 10 வரை பசுமைப் பட்டாசு மட்டும் என்றது. பத்து மணிக்குப் பிறகும் நெடுநேரம் வெடித்தார்கள் என்று செய்திகள் வந்தன. தலைநகரிலேயே ஒரு தடையின் கதை இதுதான்: வசதியுள்ளவர் வீட்டு மாடிக்கு அது ஏறுவதில்லை.

ஆனால் டெல்லியில் விழுந்த அந்தத் தடை விருதுநகர் மாவட்டத்தில் நன்றாகவே அமலானது. இதைப் பற்றித்தான் நம் பத்திரிகைகள் இன்னும் கூடுதலாக எழுத வேண்டும். ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆலைகள், நாட்டின் பட்டாசில் மிகப் பெரும் பங்கு. மருந்து செலுத்தவும் திரி வைக்கவும் வருகிறவர்கள் வானம் பார்த்த பூமியில் பிழைப்பில்லாத குடும்பங்கள். தலித் பெண்கள் அவர்களில் நிறையப் பேர். எண்ணிக்கைக் கூலி: இத்தனை குரோஸ் முடித்தால் இத்தனை ரூபாய். 2018 தீர்ப்புக்குப் பிறகு ஆலைகள் மாதக்கணக்கில் மூடிக் கிடந்தன. முதலாளிக்கு அது நட்டம். கூலிக்கு அது பட்டினி. பேரியத்தைத் தடுத்த நீதிமன்றத்தையோ காற்றைக் காக்க வந்த குழந்தைகளையோ நாம் குறை சொல்லவில்லை. தடையின் விலையை அந்தப் பெண்கள் மட்டும் ஏன் கட்ட வேண்டும் என்றுதான் கேட்கிறோம். ஒரு தொழிலைச் சுருக்குகிற அரசுக்கு, அதில் கை கருத்தவர்களுக்கு மாற்று வேலையும் அதுவரை உதவித் தொகையும் தருகிற கடமை இல்லையா?

அந்த வேலையும் எப்படிப்பட்டது? 2012 செப்டம்பர் 5 அன்று முதலிப்பட்டியில் நாற்பது உயிர் அளவுக்குப் போயிற்று. 2021 பிப்ரவரியில் அச்சங்குளம். 2023 அக்டோபரில், தீபாவளிக்கு ஒரு மாதம்கூட இல்லாதபோது, ரெங்கபாளையம். 2025 ஜூலை முதல் தேதி சின்னக்காமன்பட்டி. ஒவ்வொரு முறையும் அதே செய்தி: அனுமதித்த எண்ணிக்கைக்கு மேல் ஆட்கள், மரத்தடியில் வேலை, உள்குத்தகை, உராய்வு. இந்த விதிகளும் சட்டம்தான். வெடிபொருள் சட்டம் 1884ஆம் ஆண்டிலிருந்து இருக்கிறது. தெருவில் ஒரு பாக்கெட் வெடி வெடித்தவனை நேரம் பார்த்துப் பிடிக்கிற அரசு, ஓர் அறைக்கு நான்கு பேர் என்ற விதியை உள்குத்தகைக்காரர் மீறும்போது கடிகாரம் பார்ப்பதில்லை.

பண்டிகை முடிந்த காலையையும் பார்க்க வேண்டும். சென்னையில் பட்டாசுக் குப்பையைத் தனியாக அள்ளி, கும்மிடிப்பூண்டியில் உள்ள அபாயகரக் கழிவு நிலையத்துக்கு அனுப்புகிறார்கள். நூற்றுக்கணக்கில் டன். பெயரே அபாயகரக் கழிவு. அதை அள்ளுகிறவர்களுக்கு அன்று விடுமுறை இல்லை. ஐப்பசி மழையில் நனைந்த காகிதம் தார்ச்சாலையோடு ஒட்டிக்கொள்ளும், துடைப்பத்துக்கு வராது, கையால்தான் சுரண்ட வேண்டும். வெடிக்காமல் கிடக்கும் வெடி குவியலுக்குள் இருக்கும். இந்த வேலையில் இருப்பவர்கள் பெரும்பாலும் ஆதிதிராவிடர், அருந்ததியர் பெண்கள். இதே பெண்கள்தாம் 2025 ஆகஸ்டில் ரிப்பன் மாளிகை முன்னால், எங்கள் மண்டலங்களைத் தனியாரிடம் கொடுக்காதீர்கள் என்று பதின்மூன்று நாள் உட்கார்ந்திருந்தார்கள். நள்ளிரவில் அப்புறப்படுத்தப்பட்டார்கள். இரண்டு மாதம் கழித்துத் தீபாவளி வந்தது. நகரம் வெடித்தது. அவர்கள் கூட்டினார்கள். நேரம் மீறியவர்களின் எண்ணிக்கையை வெளியிடும் நகரம், குப்பை அள்ளும்போது கை வெந்தவர்களின் எண்ணிக்கையையும் அதே நாளில் வெளியிடட்டும்.

காவலரே இல்லாமல் நடக்கிற தடை ஒன்று நம் மாநிலத்தில் இருக்கிறது. சிவகங்கை மாவட்டத்தில் வேட்டங்குடி பறவைகள் சரணாலயம். கொள்ளுக்குடிப்பட்டி, வேட்டங்குடிப்பட்டி மக்கள் பல பத்தாண்டுகளாகத் தீபாவளிக்கு வெடிப்பதில்லை. கூடு கட்டியிருக்கும் பறவை கலைந்துவிடும் என்பதற்காக. வனத்துறை ஆண்டுதோறும் இனிப்புக் கொடுத்து நன்றி சொல்கிறது. அங்கே பிள்ளைகள் மீது வழக்கு இல்லை. ஏன் வெடிக்கக் கூடாது என்று அந்தப் பிள்ளைக்குப் பாட்டி சொல்லியிருக்கிறாள், பிள்ளை மரத்தில் பறவையைக் கண்ணால் பார்க்கிறான். நகரத்தில் நம் பையனுக்கு அப்படி எவரும் வந்து சொல்லவில்லை. வண்டிதான் வந்தது.

(தீபாவளியே நமக்கு என்ன என்று கேட்கும் தோழர்கள் இருக்கிறார்கள். அயோத்திதாசர் நூறாண்டுக்கு முன்பே அதற்குப் பௌத்த வழியில், எள்ளிலிருந்து நெய் எடுத்ததோடு சேர்த்து ஒரு விளக்கம் எழுதினார். அந்த விவாதம் நடக்கட்டும். பண்டிகையை ஏற்பதும் மறுப்பதும் நம் முடிவாக இருக்க வேண்டும், காவல் நிலையத்தின் முடிவாக அல்ல.)

மறுபடியும் அந்தக் காகிதத்துக்கு வருகிறோம். நிலையத்தில் பையனிடம் சொன்னது, "கோர்ட்டுக்கு வந்து தப்புன்னு ஒத்துக்கிட்டு ஃபைன் கட்டிட்டுப் போயிடு தம்பி, அதோட முடிஞ்சுது." முடியாது. படிக்கிற பிள்ளைகள் இந்த இடத்தைக் கவனமாகப் படிக்க வேண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு அபராதம் கட்டுவது என்றால் நீதிமன்றம் உங்களைக் குற்றவாளி என்று தீர்மானித்துத் தண்டித்துவிட்டது என்று பொருள். சீருடைப் பணியாளர் தேர்வில் எழுத்தும் ஓட்டமும் வென்று வந்தபிறகு நடத்தைச் சரிபார்ப்பு வரும். அப்போது இந்த எண் எழுந்து நிற்கும். வழக்கு நிலுவையில் இருந்தாலும் தடைதான். மறைத்தால் அது இன்னும் பெரிய தடை. ஒரு பாக்கெட் லட்சுமி வெடிக்கு ஒரு அரசு வேலை.

பழைய தண்டனைச் சட்டத்தில் இதற்கு 188ஆம் பிரிவு. உத்தரவு மீறலுக்கு ஒரு மாதச் சிறை அல்லது 200 ரூபாய் அபராதம் என்று தொடங்கியது. புதிய சட்டத்தின் 223ஆம் பிரிவில் அது ஆறு மாதம், 2,500 ரூபாய் என்று வளர்ந்திருக்கிறது. ஆனால் இந்தப் பிரிவுக்கு ஒரு பூட்டு உண்டு. உத்தரவிட்ட அரசு ஊழியரோ அவருக்கு மேலுள்ள அதிகாரியோ எழுத்து மூலம் நீதிமன்றத்தில் புகார் செய்தால் மட்டுமே நீதிமன்றம் அதை விசாரணைக்கு எடுக்க முடியும். காவல் நிலையம் தானாக முதல் தகவல் அறிக்கை பதிந்து நடத்த முடியாது என்று 2018இல் சென்னை உயர் நீதிமன்றம் ஜீவானந்தம் வழக்கில் தெளிவாகச் சொன்னது. புதிய நடைமுறைச் சட்டத்தின் 215ஆம் பிரிவிலும் அந்தப் பூட்டு அப்படியே இருக்கிறது. இதைத் தாண்டத்தான் வெடிபொருள் பற்றிய 288ஆம் பிரிவைப் பக்கத்தில் ஒட்டிவைப்பதும் உண்டு. தெருவில் வெடித்த ஒருவனின் செயலால் எந்த உயிருக்கு எப்படி ஆபத்து வந்தது என்பதை அவர்கள் காட்டியாக வேண்டும். பிடிபட்டவர் 18 வயது நிரம்பாதவர் என்றால் இதுபோன்ற சிறு குற்றத்துக்கு முதல் தகவல் அறிக்கையே பதியக் கூடாது என்பது சிறார் நீதிச் சட்ட விதி.

வழக்கறிஞருக்குப் பணம் எங்கே என்று அந்தத் தாய் கேட்டார். 1987ஆம் ஆண்டின் சட்டப் பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின்படி பட்டியல் சாதியினருக்கும் பழங்குடியினருக்கும் பெண்களுக்கும் வருமான வரம்பு பார்க்காமல் இலவச வழக்கறிஞர் தர வேண்டும். மாவட்ட நீதிமன்ற வளாகத்திலேயே அந்த அலுவலகம் இருக்கிறது. உயர் நீதிமன்றத்தில் வழக்கை ரத்து செய்யக் கோரவும் அங்கே ஒரு குழு உண்டு. சாதிச் சான்றிதழ் நகலும் ஒரு மனுவும் போதும்.

அடுத்த தீபாவளிக்கு இன்னும் ஏறக்குறைய ஓராண்டு இருக்கிறது. மறுகுடியமர்வுப் பகுதிகளில் வட்டத்துக்கு ஒரு திடலை மாநகராட்சி இப்போதே குறித்து அறிவிக்கலாம், அங்கே தண்ணீர் வண்டி ஒன்றை நிறுத்தலாம். நீதிமன்றம் அதை 2018லேயே சொல்லிவிட்டது. அடுக்ககங்களில் நேரம் மீறினால் குடியிருப்போர் சங்கத்துக்கு அறிவிக்கை அனுப்பலாம். எந்தெந்தத் தெருக்களில் வழக்குப் போட்டோம் என்ற பட்டியலைக் காவல் துறை வெளியிடலாம். எண்ணிக்கையை மட்டும் சொல்கிறவர்கள் தெருப் பெயரையும் சொன்னால் மீதியை நாமே படித்துக்கொள்வோம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் அந்தப் பட்டியலைக் கேட்டு மனு எழுதியிருக்கிறோம். நம் மாணவர்கள் இரண்டு பேர்தாம் எழுதினார்கள். தமிழ் நன்றாக இருந்தது. ஒரு பிழைகூடத் திருத்தவில்லை.

பையனின் வழக்கு மனுவையும் அன்றே எழுதிச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு விரைவுத் தபாலில் அனுப்பினோம். அவன் அபராதம் கட்டப் போகவில்லை. காலையில் ஏரிக்கரையில் ஓடுகிறான். அந்த வழியாக ரோந்து வண்டி வந்தால் இப்போது ஓரமாக ஒதுங்கி நிற்கிறானாம். அவன் அம்மா சொன்னார்.